எஜமானை ஏமாற்றும் அடிமையைப் பார்த்து ரோமர்கள் ஏன் சிரித்தார்கள்?

பழைய ரோம நாடகங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. பிளாட்டஸின் நகைச்சுவை நாடகங்களில் அடிமைதான் எல்லாரையும்விடப் புத்திசாலி, எஜமான் ஏமாளி, கடைசியில் ஜெயிப்பதும் அடிமைதான். அப்படியானால் அந்த ஊர் மக்களுக்கு அடிமைகள்மேல் மரியாதை இருந்ததா, அடிமைமுறை தப்பு என்று இந்த நாடகங்கள் சொல்லவந்தனவா?

சொல்லவில்லை. கிரேக்கத்திலிருந்தும் ரோமிலிருந்தும் நம் கைக்கு வந்து சேர்ந்த நாடகங்களில் ஒன்றுகூட அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்று பேசவில்லை. ஆனால் இதோடு பதிலை முடித்துவிட்டால் அந்த நாடகங்களுக்குப் பெரிய அநியாயம் செய்தவர்கள் ஆவோம். ஏனென்றால் அடிமையின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை அந்தக் காலச் சட்டப் புத்தகத்தையும் வரலாற்றையும்விட வெளிப்படையாகச் சொல்வது இந்த நகைச்சுவைதான். நாம் அடிமையின் சாமர்த்தியத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் முதுகைப் பார்க்க வேண்டும்.

'சூடோலஸ்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். கி.மு. 191-ல் ரோமில் மகா அன்னை தெய்வத்தின் கோயிலைத் திறந்தபோது நடந்த விழாவில் மேடையேறியது. கதை எளிது. சீமோ என்ற கிழவரின் மகன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவள் பாலியோ என்ற விலைமாதர் இல்லக்காரனின் அடிமை. மாசிடோனியப் படைவீரன் ஒருவன் அவளை 20 மினாவுக்கு (மினா என்பது கிரேக்க வெள்ளிப் பணக் கணக்கு) விலைபேசி 15 மினா கொடுத்துவிட்டான். பாக்கி 5 மினாவோடும் முத்திரையிட்ட கடிதத்தோடும் ஆள் வந்தால் பெண்ணை அனுப்பிவிட வேண்டும். வீட்டு அடிமை சூடோலஸ் அந்தக் கடிதத்தையே தட்டிப் பறித்து, வேறொரு அடிமையைப் படைவீரனின் ஆள் போல் வேஷம் போட்டு அனுப்பி, பெண்ணைக் கூட்டிவந்துவிடுகிறான். இதில் அழகு என்னவென்றால், 'உங்களிடமிருந்து இன்றைக்கு 20 மினா வாங்குவேன், ஜாக்கிரதை' என்று கிழவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிட்டு அதைச் செய்து காட்டுகிறான். நடுவில் தன்னை ஒரு கவிஞனோடு ஒப்பிட்டுக்கொள்கிறான்: கவிஞன் ஏட்டை எடுத்து உலகத்தில் எங்கேயும் இல்லாததைத் தேடிக் கண்டுபிடித்து, பொய்யை உண்மை மாதிரி ஆக்குவான், நானும் இப்போது கவிஞன் ஆகப்போகிறேன், எங்கேயும் இல்லாத 20 மினாவைக் கண்டுபிடிக்கப்போகிறேன் என்கிறான். நாடக ஆசிரியர் தன் தொழிலை ஓர் அடிமையின் வாயில் வைத்துப் பேசுகிறார். கடைசிக் காட்சியில் சூடோலஸ் குடித்துவிட்டு வந்து எஜமான் முகத்தில் ஏப்பம் விடுகிறான், எஜமான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

இவ்வளவும் கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் சீமோ இந்தப் பந்தயத்துக்கு ஒத்துக்கொள்ளும்போதே தோற்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறார்: மாவரைக்கும் ஆலைக்குப் போவாய். கழுதையைக் கட்டிச் சுற்றவிடும் கல்லை மனிதனைக் கட்டிச் சுற்றவிடும் இடம் அது. அதே நாடகத்தில் பாலியோ முதன்முதலாக மேடைக்கு வருவதே கையில் சாட்டையோடு, தன் அடிமைகளை அடித்துக்கொண்டுதான். இவர்களைப் போன்ற கழுதைகளைப் பார்த்ததே இல்லை, விலா எலும்பெல்லாம் அடிபட்டு அடிபட்டுக் காய்த்துப்போயிருக்கிறது, அடித்தால் எனக்குத்தான் வலிக்கிறது என்று பாட்டாகவே பாடுகிறான். பிறகு, கதைக்குத் தேவையே இல்லாத ஒரு சின்னக் காட்சி வருகிறது. பாலியோ வீட்டு அடிமைச் சிறுவன் ஒருவன் தனியாக நின்று பேசுகிறான். இன்றைக்கு எஜமானுக்குப் பிறந்தநாள், பரிசு தராதவர்களை நாளைக்குச் சித்திரவதை செய்வேன் என்று மிரட்டியிருக்கிறார், என்னிடம் எதுவும் இல்லை, எனக்காகக் கொடுப்பாரும் இல்லை என்கிறான். அவ்வளவுதான். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, சூடோலஸ் ஜெயித்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவும் இல்லை. இந்தக் காட்சியை எழுதவேண்டிய கட்டாயம் பிளாட்டஸுக்கு இல்லை, ஆனாலும் எழுதினார். நான் இந்த நாடகத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் இந்தப் பையனைப் பற்றித்தான் சொல்வேன்.

நாடகம் நடந்த காலத்தில் ஊர் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்த்தேஜ் தளபதி ஹானிபாலோடு நடந்த நீண்ட போர் கி.மு. 201-ல்தான் முடிந்தது. அந்தப் போரில் ரோமர்கள் பிடித்த ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக விற்றார்கள். கி.மு. 209-ல் டாரண்டம் நகரம் விழுந்தபோது 30,000 பேர் அடிமைகளாக்கப்பட்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கி.மு. 198-ல் ரோமுக்குப் பக்கத்திலேயே சேட்டியா என்ற ஊரில் அடிமைகளின் சதி ஒன்று வெளிப்பட்டது. 196-ல் எட்ரூரியாவில் பெரிய கலகம், அதன் தலைவர்களைச் சவுக்கால் அடித்துச் சிலுவையில் ஏற்றினார்கள். 185-ல் அப்பூலியாவில் மேய்ப்பர் அடிமைகள் கிளம்பியபோது சுமார் 7,000 பேருக்குத் தண்டனை விதித்தார்கள். 'சூடோலஸ்' இந்தக் கலகங்களுக்கு நடுவில் மேடையேறியது. அதே தலைமுறையில் வாழ்ந்த ரோம அரசியல்வாதி கேட்டோ பண்ணை நடத்துவது எப்படி என்று எழுதிய நூலில், விற்றுத் தள்ள வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று தருகிறார்: கிழட்டு மாடு, பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், வயதான அடிமை, நோயாளி அடிமை. இந்த வரிசையில் ஒரு தயக்கமும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட ஆண்டுகளில், எஜமானை முட்டாளாக்கும் அடிமைக்குக் கைதட்டியிருக்கிறார்கள். யோசிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

ஒரு காரணம் தெளிவாகவே தெரியும். பிளாட்டஸின் கதைகள் எல்லாம் கிரேக்க ஊர்களில் நடப்பவை, பாத்திரங்கள் கிரேக்க உடை போட்டவர்கள். 'ஸ்டிக்கஸ்' நாடகத்தில் அடிமைகள் விருந்து வைத்துக் குடித்துக் கூத்தாடும்போது ஓர் அடிமை பார்வையாளர்களைப் பார்த்து, ஆச்சரியப்படாதீர்கள், ஏதென்ஸில் இதற்கெல்லாம் எங்களுக்கு அனுமதி உண்டு என்று சமாதானம் சொல்கிறான். கி.பி. நான்காம் நூற்றாண்டு உரையாசிரியர் டொனாட்டஸ் இதைவிடத் தெளிவாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். கிரேக்க உடை நாடகத்தில் எஜமானைவிட அடிமையை அறிவாளியாகக் காட்டக் கவிஞர்களுக்கு அனுமதி உண்டு, ரோம உடை நாடகத்தில் பெரும்பாலும் அது கிடையாது என்கிறார். ஏமாறும் எஜமான் வெளியூர்க்காரனாக இருக்கும்வரை சிரிக்கலாம். நம்மூர் ஆளாக வந்துவிடக் கூடாது. ஒரு சமூகம் எதைப் பார்த்துப் பயந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தத் தண்டனை ஜோக்குகள். பிளாட்டஸை முதல்முறை படிப்பவர்களுக்கு இதுதான் திகைப்பாக இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் சாட்டை, விலங்கு, ஆலை, சிலுவை. 'பெருமைக்காரப் படைவீரன்' நாடகத்தில் ஸ்கெலெட்ரஸ் என்ற அடிமையை மிரட்டுகிறார்கள். அவன் சொல்லும் பதில்: 'மிரட்டாதே. சிலுவைதான் என் கல்லறை என்று எனக்குத் தெரியும். என் முன்னோர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா, அவருக்கும் அப்பா.' பெரிய குடும்பத்து ரோமர்கள் தங்கள் மூதாதையர் வரிசையைச் சொல்லிப் பெருமைப்படும் அதே தோரணையில் ஓர் அடிமை தன் பரம்பரையைச் சொல்கிறான். சட்டப்படி அடிமைக்கு அப்பாவே கிடையாது. 'கைதிகள்' நாடகத்தில் ஒரு பாத்திரம் அதை நேராகவே கேட்கிறது, 'அடிமைக்கு ஏது அப்பா?' என்று. ஸ்கெலெட்ரஸின் வரிக்கு அரங்கம் சிரித்திருக்கும், நானும் சிரித்தேன், ஆனால் அந்தச் சிரிப்பு நாலு தலைமுறைப் பிணங்களின் மேல் நிற்கிறது.

'எப்பிடிகஸ்' நாடகத்தின் முடிவும் இந்த இடத்தில் முக்கியம். மாட்டிக்கொண்ட அடிமை எப்பிடிகஸ் தானே கையை நீட்டிக் கட்டச் சொல்கிறான். கட்டிய பிறகுதான் எஜமானுக்கு உண்மை தெரியவருகிறது, எஜமானின் மகன் வாங்கிவந்த அடிமைப்பெண் எஜமானின் சொந்த மகள். இப்போது எஜமான் கட்டை அவிழ்க்க வருகிறார், எப்பிடிகஸ் அவிழ்க்க விடமாட்டேன் என்கிறான். செருப்பு, சட்டை, மேலங்கி, விடுதலை, சாப்பாடு எல்லாம் பேரம் பேசி, எஜமானை மன்னிப்புக் கேட்க வைத்து, அப்புறம்தான் கையை நீட்டுகிறான். தன் குறும்பாலேயே விடுதலையைத் தேடிக்கொண்ட மனிதன் இவன் என்ற அறிவிப்போடு நாடகம் முடிகிறது. இது அபூர்வம். சூடோலஸுக்கு விடுதலை கிடைக்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. 'பேய்வீடு' நாடகத்தின் டிரானியோ கடைசியில் பலிபீடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான், அங்கே இருக்கும்வரை தொடமாட்டார்கள் என்பதால். யாரோ பரிந்துபேசி மன்னிப்பு வாங்கித் தரும்போது அவன் எஜமானிடம் சொல்வது: 'ஏன் கவலைப்படுகிறீர்கள், நாளைக்கு நான் வேறு ஏதாவது செய்யாமலா இருக்கப்போகிறேன், அப்போது இரண்டுக்கும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள்.' நாடகம் ஒரு நாளைக்கான கதை. நாளை என்று ஒன்று உண்டு என்பதை அடிமையே நினைவுபடுத்துகிறான்.

கிரேக்கத்துக்கு வருவோம். இதற்கெல்லாம் விதை அங்கேதான், இருந்தாலும் அங்கே நிலைமை கொஞ்சம் வேறு.

ஏதென்ஸின் நகைச்சுவை ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' கி.மு. 405-ல் நடந்தது. டயோனிசஸ் கடவுளும் அவருடைய அடிமை சாந்தியாஸும் பாதாள உலகத்துக்குப் போகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆர்கினூசை கடற்போரில் ஆள் பற்றாமல் ஏதென்ஸ் அடிமைகளையும் துடுப்புப் போட வைத்தது, உயிர்தப்பியவர்களுக்கு விடுதலை கொடுத்தது. நாடகத்தில் படகோட்டி காரோன் அடிமையை ஏற்றமாட்டேன் என்கிறான், கடற்போரில் இருந்தவனாக இருந்தால் மட்டும் ஏறலாம். கண்வலியால் போகமுடியவில்லை என்று சாந்தியாஸ் சொல்கிறான், ஏரியைச் சுற்றி நடந்தே வர வேண்டியதாகிறது. பிறகு கடவுளும் அடிமையும் உடையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள, யார் யார் என்ற குழப்பம் வருகிறது. எஜமான் வேஷத்தில் இருக்கும் சாந்தியாஸ், என் அடிமையைச் சித்திரவதை செய்து கேட்டுக்கொள் என்று கடவுளைக் காட்டிவிட்டு முறைகளை அடுக்குகிறான்: ஏணியில் கட்டு, தொங்கவிடு, சாட்டையால் அடி, மூக்கில் காடியை ஊற்று, மேலே செங்கல்லை அடுக்கு. அடித்து முடமாக்கிவிட்டால் உனக்கு நஷ்டஈடு தருகிறேன் என்கிறான் வாயிற்காவலன்.

இது கற்பனை இல்லை. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் செல்ல வேண்டுமானால் சித்திரவதை செய்து வாங்கியதாக இருக்க வேண்டும். எஜமானின் சம்மதம் வேண்டும், உடம்பு கெட்டுப்போனால் ஈடு எஜமானுக்கு. அந்த நடைமுறையை அப்படியே எடுத்து ஒரு கடவுளின் முதுகில் வைத்தார் அரிஸ்டோஃபனீஸ். இருவரையும் மாறி மாறி அடித்து, வலிக்கிறது என்று கத்துபவன் கடவுள் இல்லை என்று சோதிக்கிறார்கள். முடிவு தெரியவில்லை, ஏனென்றால் இருவருக்கும் ஒரே மாதிரி வலிக்கிறது. அவர் இதை அடிமைகளுக்காக வாதாட எழுதவில்லை. ஆனாலும் காட்சி சொல்வது அதுதான்.

அவருடைய கடைசிக் காலத்து நாடகம் 'செல்வம்', கி.மு. 388. தொடங்குவதே கரியோன் என்ற அடிமையின் புலம்பலோடு. புத்தி கெட்ட எஜமானுக்கு அடிமையாக இருப்பது எவ்வளவு கஷ்டம், நல்ல யோசனை சொன்னாலும் அவன் கேட்காவிட்டால் அந்தக் கேட்டில் அடிமைக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் நம் உடம்புக்கு நம்மை உரிமையாளனாக விதி விடவில்லை, விலைகொடுத்து வாங்கியவனுக்கே அது சொந்தம் என்கிறான். சுருக்கமான பேச்சுதான், ஆனால் அடிமைமுறையின் சாரம் முழுவதும் அதில் இருக்கிறது.

மேடைக்கு வராதவர்களையும் சொல்லியாக வேண்டும். ஏதென்ஸின் செல்வம் லாரியம் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்தது, அங்கே ஆயிரக்கணக்கான அடிமைகள் மண்ணுக்கடியில் ஊர்ந்து வேலை செய்தார்கள். ஸ்பார்ட்டா கி.மு. 413-ல் டெகேலியாவைப் பிடித்துக் கோட்டை கட்டியபோது 20,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸிலிருந்து தப்பி ஓடினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதுகிறார். சுரங்க அடிமையின் கதையை வைத்து ஒரு நகைச்சுவைகூட நமக்குக் கிடைக்கவில்லை. மேடையில் வருவது வீட்டு அடிமை மட்டும்: எஜமானோடு பேசுகிறவன், சமையலறையில் திருடுகிறவன், வீட்டு ரகசியம் தெரிந்தவன். நகைச்சுவைக்குப் பேச்சு வேண்டும், சுரங்கத்தில் யாரோடு பேசுவது? அதனால் இந்த நாடகங்களை வைத்து மொத்த அடிமைகளின் வாழ்க்கையை அளந்தால் தப்பாகிவிடும்.

சோக நாடகத்தில் அடிமைக்கு வேறு இடம். ஈஸ்கிலஸின் 'ஆரஸ்டியா' என்ற மூன்று நாடகத் தொடரில் கிலிஸ்ஸா என்ற வயதான செவிலித்தாய் வருகிறாள், தான் வளர்த்த பிள்ளை செத்துவிட்டான் என்று நினைத்து அழுகிறாள். குழந்தைக்குத் துணி துவைத்தது, பசியா மூத்திரமா என்று சொல்லத் தெரியாத வயதில் பார்த்துக்கொண்டது என்று அவள் பேசுவது அந்த மூன்று நாடகத்திலும் தனியாக நிற்கிறது. பெற்ற தாய்க்கு இல்லாத துக்கம் விலைக்கு வாங்கப்பட்டவளுக்கு. சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ்' நாடகத்தில் எல்லா உண்மையும் ஒரு கிழட்டு மேய்ப்பனிடம் இருக்கிறது. அவன் வாய் திறக்க மறுக்கும்போது ஈடிபஸ் அவன் கையைப் பின்னால் முறுக்கிக் கட்டச் சொல்கிறான். இரண்டாயிரம் ஆண்டாக உலகம் கொண்டாடும் அந்த உண்மை வெளிவருவது ஓர் அடிமையைச் சித்திரவதை செய்வேன் என்று மிரட்டித்தான். இதை நாம் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறோம்.

யூரிபிடிஸ் இன்னும் தூரம் போனவர். கி.மு. 416-ல் ஏதென்ஸ் மெலோஸ் தீவை முற்றுகையிட்டு, விழுந்ததும் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த வசந்தத்தில் அவருடைய 'டிராய் பெண்கள்' மேடையேறியது. ராணியும் இளவரசிகளும் எந்த வீரனுக்கு யார் என்று பங்குபோடப்படுவதற்காகக் காத்து நிற்கிற நாடகம். அவருடைய 'அயோன்' நாடகத்தில் ஓர் அடிமைக் கிழவர், அடிமைக்கு இழிவு அந்தப் பெயர் ஒன்றுதான், நல்லவனாக இருந்தால் மற்ற எதிலும் சுதந்திரமானவனுக்குக் குறைந்தவன் இல்லை என்கிறார். இந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, பாருங்கள் யூரிபிடிஸ் அடிமைமுறையை எதிர்த்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அதைச் சொன்ன கையோடு அந்தக் கிழவர் எஜமானிக்காக ஒரு பையனுக்கு விஷம் வைக்கப் போகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும். இருந்தாலும் இப்படி ஒரு வாக்கியம் ஏதென்ஸ் மேடையில் சொல்லப்பட முடிந்தது, கேட்டவர்கள் காதில் அது விழுந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

பிறகு வந்த கிரேக்க நகைச்சுவை ஆசிரியர் மெனாண்டர். அவர் காலத்தில் நகைச்சுவை அரசியலை விட்டுக் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. அடிமைகளுக்கு ஊர்ப்பெயரே பெயர்: சீரஸ் என்றால் சிரியாக்காரன், கேட்டாஸ் என்றால் வடக்கே கேட்டே இனத்தான். மெனாண்டரின் அடிமைகள் பெரும்பாலும் பொறுப்பான ஆட்கள். பிளாட்டஸ் இவரையும் இவரைப் போன்ற கிரேக்கக் கவிஞர்களையும் தழுவித்தான் எழுதினார், ஆனால் எவ்வளவு மாற்றினார் என்பது 1968-ல்தான் தெளிவானது. 'இரட்டை ஏமாற்று' என்ற மெனாண்டர் நாடகத்தின் பகுதி எகிப்தியப் பாப்பிரஸில் கிடைத்து அந்த ஆண்டு வெளியானது, பிளாட்டஸின் 'பாக்கிடிஸ்' அதன் தழுவல். மூலத்தில் அடிமையின் பெயர் சீரஸ். பிளாட்டஸ் அவனைக் கிரைசாலஸ் ஆக்கி, எஜமானிடம் இரண்டு மூன்று மினா சுருட்டுகிற பார்மேனோ, சீரஸ் மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்காது என்று அவன் வாயாலேயே மூலத்தைச் சீண்டுகிறார். கிரைசாலஸ் தன்னை டிராயை வீழ்த்திய யுலிஸிஸோடு ஒப்பிட்டு நீளமாகப் பாடுகிறான். கிரேக்க வீட்டு வேலைக்காரனைத் தூக்கி மேடையின் ராஜாவாக உட்காரவைத்தது ரோம்.

ஏன் ரோம்? என் பதில், மேடையில் நின்றவர்கள் யார் என்பதில் இருக்கிறது. ஏதென்ஸில் நடிப்பது மரியாதையான காரியம். ரோமில் நடிகர்கள் பெரும்பாலும் அடிமைகளோ விடுதலை பெற்றவர்களோ. சுதந்திரமானவன் மேடையேறினாலும் சட்டத்தின் முன் அவன் பெயர் கெட்டுவிடும். 'சிஸ்டெல்லாரியா' முடியும்போது நடிகர் குழு அறிவிக்கிறது, உள்ளே போய் உடையைக் கழற்றியதும் தப்புச் செய்தவனுக்கு அடி விழும், தப்புச் செய்யாதவன் குடிப்பான் என்று. அதாவது அடிமை வேஷம் போட்டவனின் முதுகும் நிஜத்தில் அடி வாங்கும் முதுகுதான். சிசரோ வாதாடிய ஒரு வழக்கில் பனூர்கஸ் என்ற அடிமை நடிகன் வருகிறான். ஒருவர் உரிமையாளர், புகழ்பெற்ற நடிகர் ரோஸ்கியஸ் பயிற்சி கொடுத்த கூட்டாளி. பனூர்கஸை யாரோ கொன்றுவிட்டார்கள், வழக்கு நஷ்டஈட்டைப் பங்கிடுவதைப் பற்றியது. வெறும் உடம்பாக அவன் மதிப்புச் சொற்பம், ரோஸ்கியஸ் கொடுத்த கலையால் 1,00,000 செஸ்டர்ஸுக்கு (ரோம நாணயம்) மேல் என்று சிசரோ கணக்குப் போடுகிறார். செத்த ஆளைப் பற்றி அந்தப் பேச்சில் வேறு கவலை இல்லை.

எழுதியவர்களும் அப்படித்தான். ரோமில் கி.மு. 240-ல் முதல் நாடகம் போட்ட லிவியஸ் ஆண்ட்ரோனிகஸ் டாரண்டத்திலிருந்து கைதியாக வந்து விடுதலை பெற்றவர் என்பது மரபு. சிசிலியஸ் ஸ்டாடியஸ் காலிய இனத்து அடிமை. டெரன்ஸ் கார்த்தேஜில் பிறந்து, ஒரு செனட்டரின் வீட்டில் அடிமையாக வளர்ந்து, படிக்க வைக்கப்பட்டு விடுதலையானவர். பார்வையாளர்களிலும் அடிமைகள் இருந்தார்கள். 'போய்னுலஸ்' முன்னுரையில், அடிமைகள் உட்காரக் கூடாது, சுதந்திரமானவர்களுக்கு இடம் விடுங்கள், இல்லையென்றால் பணம் கொடுத்து உங்களை மீட்டுக்கொள்ளுங்கள், அதுவும் முடியாவிட்டால் வீட்டுக்குப் போங்கள், இங்கே பிரம்படியும் வீட்டில் சாட்டையடியும் மிச்சமாகும் என்று சொல்கிறார்கள். நின்றுகொண்டு பார்த்த அந்த ஆட்களுக்கு எப்பிடிகஸ் கட்டவிழ்க்க மறுக்கும் காட்சி எப்படி இருந்திருக்கும்!

டெரன்ஸின் கடைசி நாடகம் 'சகோதரர்கள்'. கி.மு. 160-ல் எமிலியஸ் பவுலஸ் என்ற தளபதியின் இறுதிச்சடங்கு விழாவில் நடந்தது. இந்தப் பவுலஸ் ஏழு ஆண்டுகளுக்கு முன் எபிரஸ் நாட்டில் 70 ஊர்களைக் கொள்ளையிட்டு 1,50,000 பேரை அடிமைகளாக விற்றவர். ஓர் அடிமையாக வளர்ந்தவர் எழுதிய நாடகம், ஒன்றரை லட்சம் பேரை அடிமையாக்கியவரின் நினைவுக்காக, அவருடைய பிள்ளைகளின் செலவில். நாடகத்தின் முடிவில் சீரஸ் என்ற அடிமைக்கு விடுதலை கிடைக்கிறது, கூட அவன் மனைவிக்கும் விடுதலை கேட்டு வாங்கிக்கொள்கிறான். டெரன்ஸ் அப்போது என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு வரி ஆதாரமும் இல்லை, ஆனால் அந்த விழாவை நினைக்காமல் என்னால் அந்தக் காட்சியைப் படிக்க முடியவில்லை.

பெண்கள் விஷயத்தில் நான் இந்த நாடகங்களை மன்னிக்கத் தயாராக இல்லை. ஆண் அடிமை வாயால் பிழைக்கிறான். அடிமைப்பெண் காப்பாற்றப்பட வேண்டுமானால் பெரும்பாலும் அவள் உண்மையில் நல்ல குடும்பத்தில் பிறந்து சிறுவயதில் தொலைந்துபோனவள் என்று தெரியவர வேண்டும். ஒரு பெட்டி, ஒரு பொம்மை, ஒரு மோதிரம் கிடைக்கும், அப்பா அடையாளம் கண்டுகொள்வார், கல்யாணம் நடக்கும். பிறவியிலேயே அடிமையானவளுக்கு அந்தக் கதவு கிடையாது. 'காசினா' நாடகத்தில் ஒரு பெண்ணுக்காக அப்பனும் மகனும் தங்கள் அடிமைகளை முன்னால் நிறுத்திப் போட்டி போடுகிறார்கள், நாடகத்துக்குப் பெயரே அவள் பெயர், அவள் ஒருமுறைகூட மேடைக்கு வரவில்லை.

'கைதிகள்' மட்டும் இந்தக் கதவை அப்படியே திருப்பிப் போடுகிறது. ஹேகியோ என்ற தந்தை, எதிரியிடம் மாட்டிக்கொண்ட ஒரு மகனை மீட்பதற்காகப் போர்க்கைதிகளை வாங்குகிறார். அதில் ஒரு எஜமானும் அவன் அடிமை டின்டாரஸும் இருக்கிறார்கள். இருவரும் உடையை மாற்றிக்கொண்டு, எஜமானைத் தப்பவிட்டுவிட்டு டின்டாரஸ் தங்கிவிடுகிறான். உண்மை தெரிந்ததும் ஹேகியோ அவனுக்குக் கனமான விலங்கு பூட்டிக் கல்குவாரிக்கு அனுப்புகிறார், மற்றவர்கள் எட்டுக் கல் வெட்டினால் நீ ஒன்றரை மடங்கு வெட்ட வேண்டும் என்கிறார். டின்டாரஸ்தான் நாலு வயதில் களவுபோன அவருடைய இன்னொரு மகன். இது பார்வையாளர்களுக்கு முன்னுரையிலேயே தெரியும், அவருக்குத் தெரியாது. குவாரியிலிருந்து திரும்பிவரும் டின்டாரஸ், பாதாள உலகத்துச் சித்திரவதைகளை ஓவியங்களில் பார்த்திருக்கிறேன், நான் இருந்த இடத்துக்கு அவை ஈடாகாது என்கிறான். அடிமைக்கும் மகனுக்கும் உடம்பில் ஒரு வித்தியாசமும் இல்லை, பெற்றவனுக்கே தெரியவில்லை என்பதைப் பிளாட்டஸ் கண்முன் வைக்கிறார். ஆனால் நாடகம் அங்கே நிற்காமல், டின்டாரஸின் விலங்கைக் கழற்றி, அவனைத் திருடிச்சென்ற ஸ்டலக்மஸ் என்ற அடிமைக்குப் பூட்டிவிட்டு முடிகிறது. விலங்கு வீணாகவில்லை.

அறிஞர்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை. எரிக் சீகல் இதைத் திருவிழாத் தலைகீழாகப் பார்த்தார், சாட்டர்னேலியா பண்டிகையில் ஒரு நாள் அடிமைக்கு எஜமான் பரிமாறுவது போல, மறுநாள் எல்லாம் பழையபடி. ஏமி ரிச்லின் சமீபத்தில் வேறு மாதிரி வாதிட்டார்: இவை அடிமைகளும் ஏழைகளும் தங்களைப் போன்றவர்களுக்காகப் போட்ட நாடகங்கள், போரில் விற்கப்பட்டவர்களின் கோபமும் ஏக்கமும் இவற்றில் பேசுகின்றன. நான் ரிச்லின் பக்கம் சாய்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. விழாவுக்குப் பணம் கொடுத்தவர்கள் அதிகாரிகள், முன்வரிசை எஜமான்களுக்குப் பிடிக்காத எதுவும் அடுத்த ஆண்டு நடக்காது. ஒரே வசனத்துக்கு முன்வரிசை ஒரு காரணத்துக்காகவும் பின்னால் நின்றவர்கள் வேறு காரணத்துக்காகவும் சிரித்திருப்பார்கள். இரண்டு சிரிப்பையும் ஒரே நேரத்தில் வாங்கத் தெரிந்ததுதான் பிளாட்டஸின் திறமை.

அடிமை வேஷத்துக்குள் என்ன சக்தி இருந்தது என்பதற்குப் பிற்காலத்துச் சம்பவம் ஒன்று. கி.மு. 46-ல் ஜூலியஸ் சீசர் நடத்திய விழாவில், லபேரியஸ் என்ற 60 வயதுப் பிரபுவை, அவர் எழுதிய நாடகத்தில் அவரே நடிக்க வேண்டும் என்று சீசர் கட்டாயப்படுத்தினார். அவருடைய அந்தஸ்துக்கு அது அவமானம். லபேரியஸ் சாட்டையடிபட்டு ஓடிவரும் சிரியா அடிமையாக வேஷம் போட்டு வந்து, 'குடிமக்களே, நாம் சுதந்திரத்தை இழக்கிறோம்' என்று கத்தினார். சற்றுப் பொறுத்து, 'பலர் பயப்படும் ஒருவன் பலருக்குப் பயந்தே ஆக வேண்டும்' என்றார். அரங்கம் முழுவதும் சீசரைத் திரும்பிப் பார்த்ததாகப் பிற்கால ரோம எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதுகிறார். ஒரு பிரபுவாக நின்று அதைச் சொல்ல அவருக்கு வழி இல்லை. அன்றைக்குப் பரிசை வென்றது பப்ளிலியஸ் சீரஸ், நிஜமாகவே சிரியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்றவர்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'கைதிகள்' நாடகத்தை முதலில் படியுங்கள், பிறகு 'எப்பிடிகஸ்', அதற்கப்புறம் 'சூடோலஸ்'. 'சூடோலஸ்' படிக்கும்போது அந்தப் பையன் வரும் இடத்தை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள்.